மைக்கில் விட்டுப்போன பேர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அமுதா. டிரம்ஸுக்குப் பின்னால் பாபு இருந்தான். இன்றைக்கு உன் வீட்டுக்காரர், எனக்கு மாப்பிள்ளை. அன்றைக்கு மீசை சரியாக முளைக்காத பையன். கீபோர்டில் சேவியர். டிரம்பெட் ஊதியவர் கன்னியப்பன். வயசானவர், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். மைக் செட் மணி. அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் தனபால், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி. உன் அப்பா ஏழுமலை ஆட்டோவை மண்டபத்து வாசலில் நிறுத்திவிட்டு நேராக முதல் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் பச்சைப் புடவை கட்டின ஒரு கிழவி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவள் பேர் எனக்குத் தெரியாது, தெரிந்தால் எழுதியிருப்பேன். பின்திரைக்கு அந்தப் பக்கம் நீ. உன் பக்கத்தில் விசிறியோடு நான். மேடைக்கு நடுவில், எல்லாருக்கும் முன்னால் நின்றது உன் மாமா, என் கூடப்பிறந்த தம்பி. அவன் பேரை இப்போது சொல்ல மாட்டேன். கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் நீ ஃபோனில் கேட்டதற்குப் பதில்தான் இது. வருகிற மாதம் இங்கே செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு தோட்டத்தில், உன் குழு வாசிக்கப் போகிறது. எங்கெங்கேயோ வாசித்துவிட்டாய், சொந்த ஊரில் உன் பேர் போட்டு வாசிப்பது இதுதான் முதல் தடவை. "அம்மா, மாமா ஃபோன் பண்ணாரும்மா. ஒரே ஒரு பாட்டு எங்களோட சேந்து வாசிக்கணுமாம். நீ அவர மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, மேடையில ஏத்திக்கிறேன். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு முன்னாடி உக்காந்திருந்தா என்னால ஊத முடியாது" என்றாய். குக்கர் விசில் வருகிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். விசில் வரவில்லை. அடுப்பில் குக்கரே இல்லை. பதில் யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது. உனக்கு மட்டும் எழுதி மடித்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு விட்டுப்போன பேர் ஒரு மண்டபம் நிறைய ஜனத்துக்கு முன்னால் விட்டுப்போனது. அதனால் என் பதிலும் நாலு பேர் படிக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று வெளியில் எழுதுகிறேன்.

உன் மாமாவைப் பற்றி நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. எங்கள் அம்மா போனபோது அவன் தவழ்கிற குழந்தை. அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதான் என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். என் இடுப்பில்தான் வளர்ந்தான். பேண்டு செட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, சாக்ஸபோன் ஊதக் கற்று, அப்புறம் சொந்தமாக லைட் மியூசிக் குழு வைத்தான். அவன் குடியிருந்த வீட்டுக்காரம்மா சத்தம் ஆகாது என்று சொன்னதால் சாக்ஸபோனை நம் வீட்டில்தான் வைத்திருப்பான். நீ எட்டாவது படிக்கும்போது அவன் இல்லாத நேரத்தில் எடுத்து ஊதினாய். மாடு கத்துகிற மாதிரி இருந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "மேல்பல்ல அழுத்தி வை பாப்பா, கீழ் ஒதட்ட மடிச்சுக்க, கன்னத்த உப்பாத" என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். இரண்டு வருஷத்தில் என்னிடம் வந்து, "யக்கா, இவ மூச்சு எனக்கு வராது" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்குச் சந்தோஷம்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை, மறக்காதவள், அவ்வளவுதான்.

"அப்பா மாமாவோட சாக்ஸபோன நாசம் பண்ணாரே, மாமா மன்னிக்கலியா?" என்று நீ ஃபோனில் கேட்டாய். அந்த ஆயுத பூஜையைச் சொல்கிறாய். உன் அப்பா ஆட்டோவைக் கழுவினார். கழுவின கையோடு, இதுவும் தொழில் செய்கிற சாமான்தானே என்று சாக்ஸபோனை எடுத்து அதே பக்கெட்டில் முக்கினார். பித்தளைக் குடத்தைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தார். அதோடு விட்டாரா? மூடிக்கு மூடி சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து, வாயில் ஒரு செவ்வந்திப் பூவையும் சொருகினார். பார்க்க மாரியம்மன் மாதிரி இருந்தது. துளைகளை மூடுகிற தோல் வில்லைகள் எல்லாம் ஊறிப் பொதபொதவென்று ஆகி, மறுநாள் ஊதினால் காற்றுதான் வந்தது. உன் மாமா வாசலுக்கு வருவதற்குள் உன் அப்பா எழுந்து நின்று, "நான்தான் கழுவினேன் மச்சான், எனக்குத் தெரியாது, எதுனா சொல்றதுன்னா என்னச் சொல்லு" என்றார். இவன் கொஞ்ச நேரம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "போவட்டும் வுடு மாமா, அதுவும் தலைக்கு குளிச்சுது" என்று சிரித்துவிட்டான். ஆமாம், மன்னித்தான். ஆனால் உன் அப்பா என்ன செய்தார் என்பதையும் பார். செய்ததைச் செய்தேன் என்று தானே முன்னால் வந்து சொன்னார். சொன்ன வாய்க்கு மன்னிப்புக் கிடைத்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ பிளஸ் டூ முடித்திருந்தாய். தனபால் மகனுக்கு வேங்கிக்கால் மண்டபத்தில் ரிசப்ஷன். உன் மாமா குழுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கியாகிவிட்டது. வாங்கிவிட்டால் போகாமல் இருக்க முடியாது, இந்தத் தொழிலில் அது வழக்கம். இரண்டு நாள் முன்னால் அவன் முகம் வீங்கி, ஆஸ்பத்திரியில் மேல்வரிசை முன்பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பல் இல்லாமல் சாக்ஸபோன் ஊதினால் காற்று ஓரமாகப் போய்விடும் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு வந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "யக்கா, பாப்பாவ அனுப்பு. திரைக்குப் பின்னால உக்காந்து ஊதட்டும். நான் முன்னால நின்னு வெறல ஆட்டிக்கிறேன். பார்ட்டி என்னப் பாத்துதான் புக் பண்ணாங்க, பொண்ணு வாசிக்குதுன்னா ஒத்துக்க மாட்டாங்க" என்றான். "ரெண்டு சாக்ஸபோனுக்கு எங்க போவ?" என்று கேட்டேன். பழுதாகிக் கிடந்த ஒன்றைப் பேண்டு செட்டில் வாங்கி வந்திருந்தான். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். நான் சம்மதித்தேன். குழுவின் பேர் எழுதின நீலத்துணியைக் கம்பியில் இழுத்துக் கட்டினதும் நான்தான். அவன் மானம் போகக் கூடாது என்று கட்டினேன்.

முதல் இரண்டு பாட்டு ஒழுங்காகப் போனது. நீ பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து ஊதினாய், துணி ஓரத்து இடுக்கு வழியாக நான் பார்த்தேன், முன்னால் அவன் விரல் ஆடியது, ஜனம் தலையாட்டியது. மூன்றாவது பாட்டில் பாதி வந்ததும் நீ பாட்டை விட்டுவிட்டாய். மறந்துவிட்டாயோ என்று முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் மறந்த முகமாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பாட்டிலிருந்து கிளம்பி எங்கேயோ போய்க்கொண்டிருந்தாய். முன்னால் உன் மாமா பழைய பாட்டுக்கே விரலை ஆட்டிக்கொண்டு நின்றான், பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? பச்சைப் புடவைக் கிழவி சத்தமாகவே கேட்டாள்: "இன்னாடா இது, கை ஒரு பக்கம் போவுது, சத்தம் ஒரு பக்கம் வருது?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேவியர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். பாபு மட்டும் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தான். பார்த்துவிட்டு டிரம்ஸில் உன் பின்னாலேயே வந்தான். நீ நின்ற இடத்தில் நின்றான், நீ ஓடினால் ஓடினான். பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவன் வாளியோடு வாசற்படியில் வந்து நின்றுவிட்டான். நீ மறுபடி பாட்டுக்குள் வந்து முடித்தபோது அந்த மண்டபம் கைதட்டினதை இன்னொரு கல்யாணத்தில் நான் கேட்டதில்லை.

தனபால் மேடையேறி உன் மாமாவுக்குச் சால்வை போட்டார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். அப்புறம் மைக்கைப் பிடித்தான். குழுவில் வாசித்தவர்கள் பேரைச் சொல்வது வழக்கமாயிற்றே. "டிரம்ஸ், நம்ம தம்பி பாபு! கீபோர்டு, சேவியர்! டிரம்பெட், எங்க கன்னியப்பன் அண்ணன்! மைக் செட், மணி!" ஒவ்வொரு பேருக்கும் திரைக்குப் பின்னால் நீயும் கைதட்டிக்கொண்டிருந்தாய். "சாக்ஸபோன்..." என்று இழுத்து நிறுத்தினான். நீ சாக்ஸபோனை என் மடியில் வைத்தாய். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்றாய். உன்னைக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்துவிட்டாய். அவன் தன் பேரைச் சொன்னான். நீ கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உட்கார்ந்தாய். உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாய். எனக்காகச் சிரித்தாய் என்பது தெரியாதவளா நான்?

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "பேரச் சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" "யக்கா, நம்ம பாப்பா நல்லதுக்குத்தான். பொம்பளப் புள்ள கல்யாணத்துல ஊதுதுன்னு பேரு போனா நாளைக்கு யாரு கட்டுவான்?" "சால்வையும் அவ நல்லதுக்குத்தானா?" என்றேன். உடனே அதைக் கழற்றி, "இந்தா பாப்பா, நீயே வெச்சுக்க" என்று உன் மடியில் போட்டான். நீ வாங்கி அதில் சாக்ஸபோனைச் சுற்றிக்கொண்டாய், ரோட்டில் குலுங்காமல் இருக்கட்டும் என்று. "வுடும்மா, நல்லா வாசிச்சேன்ல, அது போதும்" என்றாய். நீ விட்டாய். நான் விடவில்லை. அன்றையிலிருந்து அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவேன், முறை செய்வேன், சாப்பிடாமல் திரும்புவேன். கிரிவலத்தில் பக்கத்தில் வந்தால் மலையைப் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம் நீ சென்னைக்குப் போனாய். ஹோட்டலில் ஆட்கள் சாப்பிடும்போது மூலையில் நின்று ஊதினாய். அங்கே ஒருவன் "சத்தத்த கம்மி பண்ணும்மா" என்று ஸ்பூனால் தட்டைத் தட்டினான், அவனையும் நான் மறக்கவில்லை. சினிமாவுக்கு வாசித்தாய். நிலையான வேலை, நல்ல வேலை என்று நான் சொல்லச் சொல்ல அதை விட்டுவிட்டு, பாபுவோடு சேர்ந்து சொந்தக் குழு ஆரம்பித்தாய். ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டதற்கு, ஒரு பாட்டிலிருந்து எல்லாரும் கிளம்பி அவரவர் வழியில் போய்த் திரும்பி அதே இடத்துக்கு வருவது என்றாய். கிரிவலம் மாதிரியா என்று கேட்டேன். "இல்லம்மா, கிரிவலத்துல எல்லாரும் ஒரே பக்கமா போவாங்க. இதுல எதிர்ப்பக்கமும் போலாம்" என்றாய். அப்படியானால் நீ மூன்றாவது பாட்டில் வேங்கிக்காலிலேயே ஆரம்பித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஊர் ஊராக வேனில் போய், யார் தயவும் இல்லாமல் ஒரு குழுவை இத்தனை வருஷம் கலையாமல் வைத்திருக்கிறாய். என் பேத்தி யாழினி வேனிலேயே வளர்ந்தாள். எனக்குப் பிடிக்காமல்தான் இருந்தது. இப்போது பிடித்திருக்கிறதா என்று கேட்காதே.

சென்னையில் உன் சொந்தக் கச்சேரியை முதலில் பார்க்க வந்தபோது, கடைசியில் நீ மைக்கைப் பிடித்துப் பேர் சொல்ல ஆரம்பித்தாய். வாசித்தவர்களைச் சொன்னாய். லைட் போட்டவரைச் சொன்னாய். வேன் ஓட்டி வந்தவரைச் சொன்னாய். டீ கொண்டுவந்த பெண்ணின் பேரைப் பாபுவிடம் குனிந்து கேட்டு, திரும்பி வந்து அதையும் சொன்னாய். ஜனம் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. நீ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாய். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா "இன்னும் எத்தினி பேருடா சாமி" என்றாள். நீ என்னிடம் எத்தனை தடவை "மறந்துட்டேன்மா" என்று சொன்னாலும், நீ மறக்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உன் ஃபோன் வந்த இரண்டாம் நாள் அவனே வீட்டுக்கு வந்தான். கதவைத் தட்டினான். "யாரு?" "நான்தான் யக்கா." "நான்தான்னா? பேரு இல்லியா?" வெளியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிறகு மெதுவாகத் தன் பேரைச் சொன்னான். திறந்தேன். இளைத்துவிட்டான். மேல்வரிசை முழுக்கக் கட்டின பல். காபி கொடுத்தேன், வீட்டுக்கு வந்தவனுக்குக் கொடுக்காமல் இருக்கிறவள் இல்லை. "பாப்பா சொல்லுச்சா?" என்றான். "சொன்னா." "கட்டின பல்லுல ஊதப் பழகிட்டேன் யக்கா. முன்ன மாதிரி வராது. ஒரு பாட்டு தாங்கும்." அப்போதுதான் நான் இத்தனை காலம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "நல்லதுக்குன்ற கதைய வுட்டுட்டுச் சொல்லு. அன்னைக்கு ஏண்டா அவ பேரச் சொல்லல?"

டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். "சொல்லணும்னுதான் மைக்க வாங்கினேன் யக்கா. சத்தியமா. தோள்ல சால்வை இருந்துச்சு. அதுவரைக்கும் எனக்கு யாருமே போட்டதில்ல. எத்தினி கல்யாணம் ஊதியிருப்பேன்? பந்தியில கடைசியா உக்கார வெப்பாங்க. அன்னைக்குத்தான் போட்டாங்க. பாப்பா பேரச் சொன்னா கழட்டிக் குடுக்கணுமே. வாய் வரைக்கும் வந்துச்சு. என் பேர்தான் வெளிய வந்துச்சு." சொல்லிவிட்டு அழவில்லை. நானும் ஆறுதல் சொல்லவில்லை. அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள், சால்வை ஏறாமல் கிடந்த அந்தத் தோள் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அவன் சொன்னது நிஜம். வேனில் சொன்னது பொய். நிஜத்தைச் சொல்ல அவனுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அதனால் இப்போது என் பதிலைக் கேள். அவனை மேடையில் ஏற்று. பின்னால் ஓரமாக நிற்கவைக்காதே. நடுவில், உன் பக்கத்தில் நிற்கவை. அவனால் வேகமாகப் போக முடியாது, பாபுவை மெல்ல வாசிக்கச் சொல். அவனுக்குத் தெரிந்த பழைய பாட்டாகப் பார்த்து எடு. பாதியில் நீ உன் வழியில் கிளம்பினால் அவன் இந்தத் தடவை விரலை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்; எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சேர வேண்டும் என்று முன்னாடியே உட்காரவைத்துச் சொல். அவன் உனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தான். கச்சேரிக்கு முன்னால் அவனைச் சாப்பிடவை, முதல் ஆளாக. கடைசியில் பேர் சொல்லும்போது அவன் பேரை நீ சொல், நன்றாக, இழுத்து, ஜனம் கைதட்டுகிறவரைக்கும் காத்திருந்து. சொல்லிவிட்டு மைக்கை அவன் கையில் கொடு. உன் பேரை அவன் சொல்லட்டும். இந்த ஊரில், அவன் வாயால். அவன் சொல்வான். வீட்டுக்கு வந்தபோது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். உன் பல்லையும் டாக்டரிடம் காட்டு, நாற்பது தாண்டிவிட்டது, கன்னியப்பன் பல் போய்த்தான் டிரம்பெட்டை விட்டார்.

நான் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வருகிறேன், அந்தக் கிழவிக்காக. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். அவன் நன்றாக ஊதினால் கைதட்டுவேன், நன்றாக ஊதாவிட்டாலும் தட்டுவேன். ஆனால் நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னிடம் கேட்காதே. அதைச் சொன்னால்தான் அவனை மேடையேற்றுவேன் என்று என் தலையில் போடாதே. குழு உன்னுடையது. யார் வாசிக்க வேண்டும் என்பது நீ முடிவு செய்ய வேண்டியது, அம்மா செய்ய வேண்டியது இல்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்ற பெண்ணை நீ பார்க்கவில்லை அமுதா, ஏனென்றால் அது நீ. பார்த்தது நான் ஒருத்திதான். அந்தப் பெண் இன்னும் எனக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். அவள் உட்காருகிறவரைக்கும் எனக்கு அந்த வார்த்தை வராது. வருகிற மாதம் உட்காருவாளா என்று எனக்குத் தெரியாது. உட்கார மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது நான் பேர் சொல்கிறேன். டிரம்ஸ், என் மாப்பிள்ளை பாபு. கீபோர்டு, சேவியர். டிரம்பெட், கன்னியப்பன். மைக் செட், மணி. வாசலில் ஆட்டோவோடு, இப்போது இல்லாத உன் அப்பா ஏழுமலை. முன்வரிசையில், பேர் தெரியாத கிழவி. சாக்ஸபோன், திரைக்குப் பின்னாலிருந்து, என் மகள் அமுதா. நான் மன்னிக்காத ஒருத்தன், என் இடுப்பில் வளர்ந்தவன், அன்றைக்கு மேடையில் நடுவில் நின்றவன், என் தம்பி குமரேசன்.